பதினோரு டிகிரி

இயல்பாக நடங்கள் என்றார் சார்.
அந்த நொடியே எங்கள் வகுப்பில்
ஒருவருக்கும் நடக்கத் தெரியாமல் போயிற்று.

பத்து மீட்டர் சிமெண்டுத் தரை,
இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு,
நாற்காலியில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு போன்.
மாநில அளவில் நீளம் தாண்டிய பாவேந்தன்
வலது கையையும் வலது காலையும்
சேர்த்துத் தூக்கினான்.
சிரித்து ஓய ஐந்து நிமிடம்.

மூட்டுகளில் ஒட்ட வேண்டிய வெளிச்ச வில்லைகள்
சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.
தில்லைக்கரசி பையைத் திறந்தாள்.
ஸ்டிக்கர் பொட்டு, சிவப்பு, அட்டை பத்து ரூபாய்.
தோளில் ஒன்று, முழங்கையில், மணிக்கட்டில்,
இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில்,
முட்டியில், கணுக்காலில்.
அம்மன் வேஷம் மாதிரி இருக்குடி என்றாள்.
கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது.
மின்விசிறி நின்றதும்
வியர்வையில் முட்டிப் பொட்டு கெண்டைக்காலுக்கு இறங்க,
அறிவியல் இரண்டு அங்குலம் தவறியது.

அன்றிலிருந்து எனக்கு முகங்கள் தெரிவதில்லை.
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
குதிகால் குதிகாலாக வருகிறார்கள் மனிதர்கள்.
தரையில் நிற்கும்போதும்
ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல்
காலை அகட்டியே நிற்கிறார் ஒரு கண்டக்டர்.
துறைமுகத்திலிருந்து கூடையோடு வரும் ஒருத்தி,
லாரன்ஸ் ரோட்டின் அத்தனை பள்ளத்திலும்
தலைமட்டம் ஒரு விரற்கடை ஏறி இறங்கவில்லை.
உடலின் ஈர்ப்பு மையம் பற்றி
எட்டு மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதியதெல்லாம்
செருப்பில்லாமல் என்னைக் கடந்து போனது.
பின்னாலேயே போய்விட்டேன் போலிருக்கிறது.
திரும்பினாள்.
"என்னாத்தப் பாக்குற? நண்டு வேணுமா?"

வெள்ளிக்கிழமை என் முறை.
போனேன், வந்தேன், ஆறு தடவை.
முடிவு திரையில் வந்தது:
வலது கை வீச்சு முப்பத்து நான்கு டிகிரி.
இடது கை பதினொன்று.

எலும்பு முறிவு ஏதாவது?
இல்லை சார்.
சின்ன வயசில் தோளில் ஊசி, காய்ச்சல், நரம்பு?
இல்லை சார்.
தோளைச் சுழற்றிப் பார்த்தார். நன்றாகவே சுழன்றது.
காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு
அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை
முதுநகரில் ஏழு நாற்பது பஸ்.
புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து
அதன்மேல் இடது கையைத் தாழ்ப்பாளாகப் போட்டு
கெடிலம் பாலம் தாண்டும் வரைக்கும்
யாருடைய முழங்கை எந்தப் பக்கமிருந்து வரும் என்று
வலது கையால் கம்பியைப் பிடித்தபடி.
பையை முதுகுக்கு மாற்றி
இரண்டு வருஷம் ஆகிறது.
கைக்கு யாரும் சொல்லவில்லை.

தில்லைக்கரசி ஒன்றும் கேட்கவில்லை.
தன் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.
இடது முப்பத்தொன்று. வலது பன்னிரண்டு.
எந்த பஸ் என்று கேட்டேன்.
பண்ருட்டி என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்
தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறோம்,
நாய்களும் வலை உதறுபவர்களும் மட்டும் இருக்கும் நேரத்தில்.
ஈரமணலில் நான் நடக்கிறேன்.
அலை வந்து அழிப்பதற்குள்
அவள் டேப்பை வைத்துக் காலடி அளக்கிறாள்.
கையை வீசு என்று கத்துகிறாள்.
வீசினால் குடியரசு தின அணிவகுப்பாகிறது.
மறந்தால் கை தானே மேலே ஏறி
இல்லாத பையைத் தேடுகிறது.

செருப்புகளை அடுக்கி அதில் சாய்த்த போனை எடுத்து,
படத்தை நிறுத்தி,
ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியைத் திரைமேல் வைத்து
ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள்.
பதினைந்து என்கிறாள்.
எட்டிப் பார்க்கிறேன்.
கோணமானியைக் கொஞ்சம்
சாய்த்துத்தான் பிடித்திருக்கிறாள்.
எழுதிக்கோ என்கிறாள்.
எழுதிக்கொள்கிறேன்.